நேராத விபத்து

நேர்ந்த விபத்துக்கெல்லாம் ஊர் உண்டு, தேதி உண்டு, இறந்தவர்களின் ஜாபிதா உண்டு. பத்திரிகைக்காரர்கள் போகிறார்கள்; விசாரணைக் கமிட்டி போடுகிறார்கள்; அறிக்கை அச்சாகிறது. நேராத விபத்துக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. நேற்றுக் காலையில் நம் தலைக்கு மேல் போன ஹெலிகாப்டர் ஏன் விழவில்லை என்று யாராவது கமிட்டி போட்டதுண்டா? யாரோ ஒருவன் குனிந்து ஒரு நட்டைத் தொட்டுப் பார்த்ததனால் அது விழாமல் இருந்திருக்கலாம். அல்லது ஒருவரும் எதையும் பார்க்காமலே, வெறும் அதிர்ஷ்டத்தினால் விழாமல் இருந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. ஆனால் இரண்டும் ஒன்றுதானா?

இந்தக் கேள்வி சில நாட்களாக என்னை விடவில்லை. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு யந்திர சாஸ்திரத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். யந்திரத்தைப் பற்றிய கேள்வியாக இது ஆரம்பித்தாலும், சீக்கிரமே மனிதனைப் பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது. அதனால்தான் எழுதத் துணிகிறேன்.

இரண்டு விமானிகளை எண்ணிக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே மாதிரி ஹெலிகாப்டரை ஓட்டுகிறவர்கள். இருவரும் ஒரே நாள் காலையில், ஒரே அவசரத்தில், புறப்படுமுன் செய்யவேண்டிய பரிசோதனையைச் செய்யாமல், செய்ததாகக் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒருவனுடைய ஹெலிகாப்டரில் ஒரு சிறிய பின் இல்லை. அவனும் அவனை நம்பி ஏறியவர்களும் மலைச்சரிவில் விழுந்து மாள்கிறார்கள். மற்றவனுடைய ஹெலிகாப்டரில் எல்லாம் சரியாக இருந்தது. அவன் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் காப்பி சாப்பிட்டுவிட்டுக் குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான். முதலாமவனை உலகம் கொலைகாரன் என்கிறது. இரண்டாமவனை நல்ல விமானி என்கிறது. செய்ததில் இருவருக்கும் மயிரிழைகூட வித்தியாசம் இல்லையே! பிறகு எந்த நியாயத்தினால் ஒருவனுக்கு அந்தப் பெயரும் மற்றவனுக்கு இந்தப் பெயரும்?

பதில் தேடுமுன், அந்தப் பரிசோதனை என்பது என்ன என்று சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது.

மோட்டார் காரில் ஏதாவது கெட்டுப்போனால் ஓரமாக நிறுத்திவிடலாம். இறக்கை விமானத்தில் எஞ்சின் நின்றுவிட்டாலும் அது கொஞ்ச தூரம் காற்றில் வழுக்கிக்கொண்டு போகும். ஹெலிகாப்டரிலும் எஞ்சின் நின்றால், சுழன்றுகொண்டிருக்கும் மேல் இறக்கைகளின் வேகத்தைக் கொண்டே, கைதேர்ந்த விமானி அதை இறக்கிவிட முடியும். ஆனால் அந்தச் சுழல் இறக்கைகளும், அவற்றைச் சுழற்றும் கியர் பெட்டியும், அவற்றைச் சாய்த்து நிமிர்த்தும் தண்டுகளும் பழுதாகிவிட்டால் மாற்று என்று ஒன்று கிடையாது. சில மாதிரி ஹெலிகாப்டர்களில் மேல் இறக்கையின் கூட்டத்தையெல்லாம் தண்டோடு பிடித்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு பெரிய நட்டு. வியட்நாம் யுத்த காலத்து அமெரிக்கச் சிப்பாய்கள் அதற்கு 'ஏசு நட்டு' என்று பெயர் வைத்தார்களாம். அது கழன்றுவிட்டால் பிறகு ஏசுவைக் கூப்பிடுவது தவிர வேறு வழி இல்லை என்பது பரிகாசம். பரிகாசத்துக்குள்ளே எத்தனை பயம் ஒளிந்திருக்கிறது பாருங்கள்!

ஆகவே விமானி புறப்படுமுன் தன் யந்திரத்தை ஒருமுறை சுற்றி வருகிறான். மூக்கிலிருந்து வால் வரையில், வாலிலிருந்து மறுபடி மூக்கு வரையில். எண்ணெய் மட்டம் கண்ணாடியில் சரியாகத் தெரிகிறதா? எங்கேயாவது கசிவு உண்டா? இறக்கைகளில் வெடிப்போ சிராய்ப்போ இருக்கிறதா? இரவில் இறக்கை ஆடாமல் கட்டிவைத்த கயிற்றை அவிழ்த்தாயிற்றா? எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வாயிலும், காற்றின் வேகத்தை அளக்கும் குழாயிலும் மாட்டிவைத்த மூடிகளை எடுத்தாயிற்றா? மறந்துபோகக் கூடாதே என்றுதான் அந்த மூடிகளில் சிவப்பு நாடா தொங்கவிடுகிறார்கள். எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அது கனமானதால் அடியில் தனியாகத் தெரியும். சாமான் அறையின் கதவு தாழ் விழுந்திருக்கிறதா? போல்ட்டுகளில் பின்கள் இருக்கின்றனவா? கடைசியாக உள்ளே உட்கார்ந்து, கைப்பிடியும் மிதியும் நான்கு பக்கமும் தடையில்லாமல் போய் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரத்து வேலை. பெரும்பாலான நாட்களில் அந்த அரை மணியின் பலன், 'ஒன்றும் இல்லை' என்பதுதான். அதில்தான் ஆபத்தே இருக்கிறது.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஹெலிகாப்டர் விழுந்தது என்றவுடனே, 'சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது' என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது நம் வழக்கம். 2021 டிசம்பர் 8-ஆம் தேதி சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன விமானப்படையின் மி-17 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்பட 14 பேர் உயிரிழந்தார்கள். எதிர்பாராமல் வானிலை மாறி மேகத்துக்குள் புகுந்ததே காரணம், யந்திரக் கோளாறோ அசட்டையோ அல்ல என்று 2022 ஜனவரியில் விசாரணை சொல்லிற்று. 2024 டிசம்பரில் பார்லிமெண்டுக் கமிட்டியின் அறிக்கை அதை ஓட்டியவர்களின் மனிதப் பிழை என்ற வகையில் சேர்த்தது. எப்படிப் பார்த்தாலும், அது புறப்படுமுன் பரிசோதிக்காததனால் நேர்ந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. 2009 செப்டம்பர் 2-ஆம் தேதி ஆந்திர முதலமைச்சர் ராஜசேகர ரெட்டி நல்லமலைக் காட்டில் இறந்ததற்கும், கொந்தளிக்கும் வானிலையே முக்கியமான காரணமாகச் சொல்லப்பட்டது. கியர் பெட்டியின் எண்ணெய் பற்றி எழுந்த ஓர் எச்சரிக்கையில் விமானிகளின் கவனம் சிக்கிக்கொண்டு, எதிரே கவிந்த வானிலையை அவர்கள் சரியாக எடைபோடவில்லை என்றும் அந்த விசாரணை கண்டது. மாண்டவர்கள் எழுந்து வந்து மறுப்புச் சொல்ல மாட்டார்கள். ஆகவே அவர்கள்மேல் குற்றம் சுமத்துமுன் நாமும் ஒருமுறை சுற்றிவந்து பரிசோதித்துவிட்டுச் சுமத்துவதே தர்மம்.

பரிசோதனைக் குறைவு சந்தேகமறத் தெரிந்த ஒரு விபத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் லாஸ்வேகாஸ் நகரத்தில் உல்லாசப் பிரயாணிகளை ஹெலிகாப்டரில் ஏற்றி ஹூவர் அணைக்கட்டைக் காட்டி அழைத்துவருவது ஒரு தொழில். 2011 டிசம்பர் 7-ஆம் தேதி சாயங்காலம் அப்படிப் போன ஒரு ஹெலிகாப்டர் திடீரென்று தாறுமாறாக ஏறி, திரும்பி, மலைப் பள்ளத்தில் விழுந்தது. விமானியும் நான்கு பிரயாணிகளும் இறந்தார்கள். காரணத்தைத் தோண்டித் துருவினார்கள். முந்திய நாள்தான் அதற்கு நூறு மணி நேரப் பரிசோதனை நடந்திருந்தது. மேல் இறக்கையைச் சாய்க்கும் ஒரு ஹைட்ராலிக் கருவியை எடுத்துவிட்டுப் புதிது மாட்டியிருந்தார்கள். அதை இணைக்கும் போல்ட்டில் போட்டது, தேய்ந்துபோய்ப் பிடிப்பு இழந்த பழைய நட்டு. அது கழன்றுவிடாதபடி போல்ட்டின் துளையில் ஒரு ஸ்பிளிட் பின் செருகி மடக்க வேண்டும். அந்தப் பின் சரியாகப் போடப்படவில்லை, அல்லது போடப்படவே இல்லை. நட்டு மெல்ல மெல்லக் கழன்றது. போல்ட் விழுந்தது. விமானியின் கையிலிருந்த பிடிக்கும் தலைக்கு மேல் சுழன்ற இறக்கைக்கும் சம்பந்தம் அறுந்துபோயிற்று.

இதில் என்னைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. அன்றைக்கு அதற்கு முன்பும் அந்த ஹெலிகாப்டர் பறந்து பத்திரமாக இறங்கியிருந்தது! அப்போது இறங்கிய பிரயாணிகள் சிரித்துக்கொண்டே போட்டோப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். தாங்கள் ஒரு கழன்றுகொண்டிருந்த நட்டின்மேல் உட்கார்ந்து மலையைச் சுற்றிவந்தோம் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பத்திரமாகத் திரும்பியதை வைத்து, 'எல்லாம் சரியாகத்தான் இருந்தது' என்று சொல்வது எத்தனை பெரிய பிரமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்போது நம் இரண்டு விமானிகளிடம் திரும்புவோம். சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் நம் நாட்டில் அமலுக்கு வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவைப் புரட்டினால் இரண்டு பிரிவுகள் கண்ணில் படுகின்றன. அசட்டையினால் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், யாருக்கும் ஒரு காயமும் படாவிட்டாலும், 125-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே அசட்டையினால் ஒருவர் இறந்துவிட்டால் 106-ஆம் பிரிவு. ஐந்து வருஷம் வரை சிறை. ஆக, ஒன்றும் நேராவிட்டாலும் குற்றம் குற்றமே என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் ஐந்து வருஷத்துக்கும் மூன்று மாதத்துக்கும் நடுவே உள்ள அந்தப் பெரிய இடைவெளியை அதிர்ஷ்டம் என்கிற தேவதைக்கு மானியமாக விட்டுக்கொடுத்துவிடுகிறது.

இங்கிலாந்தில் வில்லியம் கிளிஃபோர்டு என்று ஒரு கணித மேதை இருந்தார். 1877-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு கப்பல்காரனைக் காட்டுகிறார். கப்பல் பழசு என்று அவனுக்குச் சந்தேகம் இருந்தது. செலவுக்குப் பயந்து, 'இத்தனை நாள் போய்வந்ததுதானே' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஜனங்களை ஏற்றி அனுப்பிவிட்டான். கப்பல் முழுகியது. அவன் குற்றவாளி என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கப்பல் முழுகாமல் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றம் ஓர் அணுவும் குறையாது என்பது கிளிஃபோர்டின் தீர்ப்பு.

எனக்கும் அந்தத் தீர்ப்பே சரியென்று படுகிறது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. இறந்தவர்களின் தாயிடம் போய், 'உன் பிள்ளையை ஏற்றிச்சென்ற விமானியும், அன்றைக்குப் பத்திரமாகத் திரும்பிய விமானியும் ஒரே நிறைதான், அம்மா' என்று சொல்ல எந்தத் தத்துவவாதிக்கு நாக்கு எழும்? அவள் அழுகையில் ஓர் உண்மை இருக்கிறது. அதைத் தர்க்கத்தினால் துடைத்துவிட முடியாது.

நெடுநேரம் யோசித்து நான் கண்ட வழி இது. குற்றம் வேறு, கடன் வேறு. புறப்படுமுன் பார்க்காமல் ஏறியதில் இருவரும் செய்த குற்றம் சமம். ஆனால் விபத்துக்கு உள்ளானவன், ஒருவேளை அவன் பிழைத்திருந்தால், ஆயுள் முழுதும் தீர்க்க முடியாத ஒரு கடனைச் சுமக்கிறான். அந்தத் தாய்க்கு, அந்தக் குழந்தைகளுக்கு, அந்த வீட்டின் அணைந்த அடுப்புக்கு அவன் கடன்பட்டிருக்கிறான். தப்பியவனுக்கு அந்தக் கடன் இல்லை. கடன் இல்லாததைக் கண்டு, தனக்குக் குற்றமும் இல்லை என்று அவன் நினைத்துக்கொள்கிறானே, அங்கேதான் அவன் கெட்டுப்போகிறான். உலகமும் சேர்ந்து அவனுக்கு அப்படியே ஓதுகிறது.

தப்பியவனின் நிலை உண்மையில் பரிதாபமானது. ஒவ்வொரு நாளும் அவன் பார்க்காமல் ஏறுகிறான், பத்திரமாக இறங்குகிறான். ஒவ்வொரு இறக்கமும் அவனுக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரமாகிவிடுகிறது. 'நூறு தடவை பார்த்தேன், நூறு தடவையும் ஒன்றும் இல்லை. நூற்றோராவது தடவை எதற்கு?' என்று புத்தி கேட்கிறது. அனுபவம்தான் பெரிய ஆசான் என்று சொல்கிறோம். இந்த விஷயத்தில் அனுபவத்தைப் போல ஒரு பொய் வாத்தியார் கிடையாது. அது நூறு நாள் தவறான பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நூற்றோராவது நாள் ஒரேயடியாகப் பரீட்சை வைக்கிறது.

எங்கள் கம்மாபுரம் பக்கத்தில் கரும்பு வெட்டுக் காலம் வந்துவிட்டால், சேத்தியாத்தோப்பு ஆலைக்குப் போகும் லாரிகளும் டிராக்டர்களும் மலைபோல் கரும்பை ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகும். கிளம்புமுன் முன்சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதில் ஒருவரும் தவறுவதில்லை. கற்பூரம் காட்டுவார்கள், கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எலுமிச்சம்பழம் வைக்கக் குனிகிறபோது, கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் நூல் தெரியத் தேய்ந்த டயர் இருக்கும். அதைப் பார்க்கிறவர் சிலரே. எனக்குத் தெய்வ நம்பிக்கையில் பரிகாசம் இல்லை. குனிந்ததுதான் குனிந்தோம், கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்பதே என் கேள்வி.

ஆனால் அந்த லாரிக்காரர்களிலேயே ஒரு நல்ல வழக்கமும் உண்டு. நீண்ட பிரயாணத்தில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் கிளீனர் பையன் ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே சுற்றிவருவான். ஓசையைக் கொண்டே எந்த டயரில் காற்று இறங்கியிருக்கிறது என்று கண்டுகொள்வான். ஒருநாள் கம்மாபுரம் டீக்கடை வாசலில் இந்தச் சம்பாஷணையைக் கேட்டேன்.

"தட்டிப் பாத்தியாடா?"

"பாத்துட்டேண்ணே. எல்லாம் சரியா இருக்கு."

டிரைவர் தேநீர்க் கிளாஸை வைத்துவிட்டு, கம்பியை வாங்கிக்கொண்டு தானும் ஒரு சுற்றுத் தட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"என்னை நம்பலியாண்ணே?"

"உன்னை நம்பாமயா ராத்திரி பூரா பக்கத்துல உக்கார வச்சிக்கிட்டு ஓட்டுறேன்? நீயும் தூக்கக் கண்ணோட தட்டியிருப்ப. நானும் தூக்கக் கண்ணோட தட்டுறேன். ரெண்டு தூக்கமும் சேந்து ஒரு முழிப்பாவது ஆவட்டுமே!"

இந்த விஷயத்தில் இதற்குமேல் நான் ஒரு தத்துவத்தைப் படித்ததில்லை. மறுபரிசோதனை என்றவுடனே நம்மவர்களுக்கு மானம் போய்விடுகிறது. ஆபீஸிலும் சரி, ஆஸ்பத்திரியிலும் சரி, ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்த்தால், 'என்மேல் நம்பிக்கை இல்லையா?' என்ற கேள்வி புறப்பட்டுவிடுகிறது. இந்தக் கேள்விக்குப் பயந்தே அநேகம் பேர் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். லாஸ்வேகாஸ் ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டியவன் ஒரு மெக்கானிக். அதைச் சோதித்துக் கையெழுத்துப் போட ஓர் ஆய்வாளர். அதன்பின் அதை ஓட்டும் விமானி. ஒன்றன்பின் ஒன்றாகப் பல கண்கள் இருந்தன. பின்னால் வருகிறவன் பார்த்துக்கொள்வான் என்று முன்னவனும், முன்னால் பார்த்திருப்பான் என்று பின்னவனும் நினைத்துவிட்டால், பல கண்கள் சேர்ந்து ஒரு குருடாகிவிடுகின்றன. பிறர்மேல் வைக்கும் நம்பிக்கை பெரிய குணம்தான். ஆனால் அது நம் வேலையைக் குறைத்துக்கொள்ளும் சௌகரியமாக மாறும்போது, அதற்கு நம்பிக்கை என்ற பெயர் பொருந்தாது. சோம்பல் என்றே சொல்ல வேண்டும்.

அந்த மெக்கானிக்கையும் ஆய்வாளரையும் பற்றி விசாரணையாளர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். அவர்கள் களைத்திருந்தார்கள். வழக்கமான நேரத்தை மாற்றி அதிகாலை வேலைக்கு அழைத்திருந்தார்கள். அவர்கள் செய்யவேண்டிய வேலையும் படிப்படியாகத் தெளிவாக எழுதிவைக்கப்படவில்லை. இதைக் கேட்டபின் நம் விரல் யாரை நோக்கி நீளும்? பின்னைச் செருக மறந்த கையை மட்டும் காட்டிவிட்டு நிற்கலாமா? தூக்கமில்லாதவனை வேலைக்கு அழைத்தவர் யார்? அவரை அவசரப்படுத்தியது எது? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் வரிசையில் நிற்பவர்கள் நாம்தான். டிக்கெட்டு வாங்கிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிரயாணிகள்!

கேதார்நாத்துக்கு யாத்திரைக் காலத்தில் அடிவாரத்து ஊர்களிலிருந்து ஹெலிகாப்டர்கள் பஸ் மாதிரி போய்வருகின்றன. நடந்தால் நாள் முழுதும் ஆகும் தூரம் சில நிமிஷங்களில் முடிந்துவிடுகிறது. 2025 ஜூன் 15-ஆம் தேதி அதிகாலையில் அங்கிருந்து திரும்பிய ஒரு பெல் ஹெலிகாப்டர் கௌரிகுண்டம் பக்கத்துக் காட்டில் விழுந்து, கைக்குழந்தை உள்பட ஏழு பேர் இறந்தார்கள். வானிலை மோசமாக இருந்தது என்றார்கள். உடனே அந்தச் சேவையை நிறுத்திவைத்தார்கள். அந்த விபத்துக்கு இதுதான் காரணம் என்று சொல்ல நான் ஆளல்ல. நான் நினைப்பதெல்லாம், தரிசனத்துக்கு முன் ஹெலிகாப்டர் மேடையில் நிற்கும் கூட்டத்தைப் பற்றி. 'இன்னும் அரை மணி ஆகும், யந்திரத்தைப் பார்க்கிறார்கள், மேகம் கலையக் காத்திருக்கிறார்கள்' என்று ஒருவர் வந்து சொன்னால், அந்தக் கூட்டம் என்ன சொல்லும்? சாமி பார்க்கப் போகிறவர்களுக்கே பொறுமை இல்லை என்றால், மற்றவர்களைப் பற்றிக் கேட்பானேன்! தேர்தல் காலத்தில் விருத்தாசலம் போன்ற ஊர்களில் வெயிலில் காய்ந்து காத்திருக்கும் ஜனங்களும், மேடையில் தவிக்கும் கட்சிக்காரர்களும், ஹெலிகாப்டர் தாமதமானால் விமானியை வாழ்த்தவா போகிறார்கள்?

சரி, பார்க்காமல் போகிறவனைச் சொன்னோம். பார்க்கிறவனுக்கும் ஓர் ஆபத்து உண்டு. தினமும் செய்யும் காரியம் சடங்காகிவிடுகிறது. கோயிலில் பிரதட்சிணம் வருகிறோம். கால் சுற்றுகிறது, மனம் அடுப்பில் வைத்த பாலைச் சுற்றுகிறது. விமானியும் தன் ஹெலிகாப்டரை வலம்தான் வருகிறான். கண் நட்டின்மேல் படுகிறது, பார்வை படுவதில்லை. கை காகிதத்தில் 'சரி, சரி' என்று குறி போட்டுக்கொண்டே போகிறது. ஆகவே, பரிசோதனை நடந்ததா என்று கேட்டால் போதாது. சிரத்தையோடு நடந்ததா என்று கேட்க வேண்டும். அதைக் கேட்கக்கூடியவன் உலகத்தில் ஒருவனே. அந்தப் பரிசோதனையைச் செய்தவன். வேறு எந்த அதிகாரியாலும் அவன் கண்ணுக்குள் புகுந்து பார்க்க முடியாது. மனச்சாட்சி என்ற பழைய வார்த்தைக்கு யந்திர யுகத்திலும் வேலை இருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான்.

அந்தக் குறிபோடும் காகிதம் பிறந்த கதையும் கேட்கத்தக்கது. 1935 அக்டோபர் 30-ஆம் தேதி அமெரிக்காவில் டேட்டன் நகரத்து ரைட் விமானத்தளத்தில், போயிங் கம்பெனியின் 299 என்ற நான்கு எஞ்சின் விமானத்தை ராணுவ அதிகாரிகள் முன்னால் பறக்கவிட்டுக் காட்டினார்கள். எழும்பியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்று, சாய்ந்து விழுந்து எரிந்தது. ஓட்டிய மேஜர் ஹில் இறந்தார். கம்பெனியின் தலைமைச் சோதனை விமானி டவரும் காயங்களினால் பின்னால் இறந்தார். யந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் வால் பலகைகளைப் பூட்டிவைக்கும் பூட்டைத் திறக்க மறந்திருந்தார்கள். அவ்வளவுதான். ஓட்டியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல. அந்தக் காலத்தின் மிகச்சிறந்த விமானிகள். அதன்பின்தான், இன்னின்னதைப் பார்த்தாயிற்றா என்று வரிசையாக எழுதிவைத்துப் படித்துக் குறிபோடும் வழக்கம் ஊன்றிற்று. ஞாபகத்தை நம்பாதே, காகிதத்தை நம்பு என்ற அந்தப் பாடத்துக்குப் பிறகு அதே வமிசத்து விமானம் பி-17 என்ற பெயரில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது.

மறதி மூடனுக்குத்தான் வரும் என்று நாம் நினைக்கிறோம். கெட்டிக்காரனிடம் அது இன்னும் சுலபமாக வந்து உட்காருகிறது. எல்லாம் கைவந்துவிட்டது என்ற மகிழ்ச்சியே அதற்கு ஆசனம். திருவள்ளுவர் பொருட்பாலில், அரசனுக்குச் சொல்லும் பகுதியில், பொச்சாவாமை என்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். மறந்தும் சோர்ந்துவிடாமல் இருத்தல் என்பது அதன் பொருள். அளவுகடந்த கோபத்தைவிடக் களிப்பில் வரும் சோர்வு கெடுதல் என்பது அவர் கருத்து.  ஆட்சி செய்கிறவனுக்கு அதை எழுதியதிலிருந்து, பிறர் உயிர் எவன் கையில் இருக்கிறதோ அவனுக்கு மறதி ஓர் ஒழுக்கக்கேடு என்று அவர் கருதியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இனி, நேராத விபத்து ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 2009 ஏப்ரல் மாதம். பம்பாய் விமான நிலையத்தில் தொழிலதிபர் அனில் அம்பானிக்குரிய பெல் 412 ஹெலிகாப்டர் ஒன்று பராமரிப்புக்கு விடப்பட்டிருந்தது. அதைப் புறப்பாட்டுக்கு முன் சோதித்த தொழிலாளி ஒருவர், கியர் பெட்டிக்கு எண்ணெய் ஊற்றும் வாயின் மூடி சரியில்லாததைக் கண்டு உள்ளே பார்த்தார். கூழாங்கற்களும் மண்ணும் கிடந்தன. யாரோ வேண்டுமென்றே போட்டவை. அவர் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே குலை நடுங்குகிறது. அவர் பார்த்தார், சொன்னார், ஹெலிகாப்டர் புறப்படவில்லை. போலீஸ் விசாரணை வந்தது. சில நாட்களுக்குள், அந்த மனிதர் ரயில் பாதையில் இறந்துகிடந்தார். அவருடைய கடைசி நாட்களின் மனநிலையை ஆராய்வதற்கு எனக்கு உரிமை இல்லை. ஆனால் கதாசிரியன் என்ற முறையில் ஒன்று மட்டும் மனத்தை அறுக்கிறது. அந்த ஹெலிகாப்டர் விழுந்து அதிலிருந்து ஒருவரை அவர் காப்பாற்றியிருந்தால், மாலை போட்டுப் படம் எடுத்து வீரர் என்றிருப்போம். விழாமலே காப்பாற்றியதனால், அவரை வீரர் என்று அழைக்க நமக்குத் தோன்றவில்லை.

தினந்தோறும் இப்படி எத்தனையோ பேர் நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் நிற்கும் சில நிமிஷங்களில் சக்கரங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டு போகிறவர் முதல், நெய்வேலியில் கொதிகலத்தின் முள்ளைக் கவனித்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பவர் வரையில். 2020 ஜூலை 1-ஆம் தேதி அந்த நெய்வேலியிலேயே கொதிகலன் வெடித்துப் பத்துப் பேருக்கு மேல் மாண்டபோது, எங்கள் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களெல்லாம் கண்ணீர் விட்டன. அன்றைக்கு எல்லோரும் பரிசோதனையைப் பற்றிப் பேசினோம். வெடிக்காத நாட்களில் அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

அவர்களுக்கெல்லாம் விருது கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நடக்காத காரியத்துக்கு விருது கொடுப்பது எப்படி? அவர்களுக்கு நாம் கொடுக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். காத்திருத்தல். விமானமோ, ரயிலோ, பஸ்ஸோ, எதுவோ ஒன்று பரிசோதனைக்காகத் தாமதமாகிறது என்று யாராவது வந்து சொன்னால், சலித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பது. அந்த அரை மணியில் ஒருவர் குனிந்து ஒரு நட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது சரியாகவே இருக்கும். அநேகமாக ஒன்றும் இராது. ஒன்றும் இல்லை என்று அவர் நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொள்ளும் வரையில் நமக்கு என்ன அவசரம்?